தண்ணீர்ச் சொம்பு

என் சம்சாரம் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணி இருக்கணும். ஒரு வாய் சோறு, ரெண்டு மடக்கு தண்ணி. நடுவில் எழுந்து நெஞ்சைத் தடவிக்கிட்டு நிப்பா. "தண்ணியக் குடிச்சே வயித்த ரொப்பினா சோறு எப்படி இறங்கும்?"னு நானே கத்தியிருக்கேன்.

ரெண்டு வருஷம் கேஸ் மாத்திரைதான். ராத்திரி படுத்தால் தின்ன இட்லி மேலே வரும், இருமல் வேற. "புளிக்காம அப்படியே வருதுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. டாக்டரும் கேட்கலை, நானும் கேட்கலை. கல்யாணப் பந்தியில் உட்காருவதையே விட்டுட்டா. ரவிக்கையை ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சா. அப்பத்தான் எனக்குப் பயம் வந்தது. புத்தா இருக்குமோன்னு.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "சோறு மட்டும் நிக்குதா, தண்ணியும் நிக்குதா?" ரெண்டும்னா. எண்டோஸ்கோப்பியில் புத்து இல்லை. பேரியம்னு சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒண்ணைக் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. உணவுக்குழாய் மேலே பை மாதிரி உப்பி, கீழே குருவி மூக்காக் கூம்பி நின்னது. பேரு அகலேசியா. விழுங்கும்போது திறக்க வேண்டிய தசை, நரம்பு செத்துப்போய் திறக்கலை. எனக்கு எங்க வாய்க்கால் மதகுதான் ஞாபகம் வந்தது. ஷட்டர் துருப்பிடிச்சு, மேலே தண்ணி தேங்கி, கீழே வயல் காயும். இட்லி ஏன் புளிக்கலைன்னும் அப்பத்தான் விளங்குச்சு. அது வயித்துக்கே போகலையே!

1913-லேயே ஹெல்லர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் செஞ்ச ஆபரேஷனாம். அப்போ பெரிசாக் கிழிச்சு. இப்போ லேப்ராஸ்கோப்பி, அஞ்சு சின்ன ஓட்டை. வெளித்தசையை மட்டும் நீளவாக்கில் அறுக்கணும், உள்சவ்வில் கத்தி படக்கூடாது. அமிலம் மேலே ஏறாம இருக்க இரைப்பையின் மேல்பகுதியைக் கொஞ்சம் சுத்தித் தைச்சாங்க. வாய் வழியாவே குழாய் விட்டு அறுக்கிற போயம் முறையும் இருக்கு, 2008-ல் ஜப்பானில் ஆரம்பிச்சது. அதில் பின்னாடி நெஞ்செரிச்சல் அதிகம் வரலாம்னாங்க. இதையே எடுத்துக்கிட்டோம். நகை அடகுக்குப் போச்சு, குறுவை நடவு அந்த வருஷம் பாதிதான்.

செத்த நரம்பு திரும்ப வராது. குழாய் தள்ளாது, சோறு தன் பாரத்தில்தான் இறங்கணும். நிமிர்ந்து உட்கார்ந்து நல்லா மென்னு தின்னணும், தின்னதும் படுக்கக்கூடாது.

முதல்ல தண்ணி, கஞ்சி, அப்புறம் குழைஞ்ச சாதம். ஒரு மாசம் கழிச்சுப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கேட்டா. நான் பழக்கத்தில் சொம்பைக் கொண்டுவந்து வச்சுட்டு எதிரே உட்கார்ந்தேன். சொம்பை அவள் தொடவே இல்லை.

"எதுக்கு என் வாயையே பாக்குறீங்க? உங்க சோத்தத் தின்னுங்க"ன்னா.