மேற்கோட் குறியும் எழுத்துத் திரையும்

அச்சுக்கோப்பவர் மேற்கோட் குறியைத் திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு ஒன்றென ஈருருவாய் வைத்திருந்தார். 1963 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி நெறியிலோ 128 இடங்களே. ஆதலின் இரட்டைக் குறிக்கு 34 ஆம் எண்ணில் நிமிர்ந்த உருவொன்றே கிட்டிற்று. எழுத்து மாத்திரம் காட்டும் கணினித் திரையோடு பழகியோர் வாளாவிருப்பரோ? 1967 இல் 96 ஆம் எண்ணிற் சேர்ந்த சாய்கோட்டை இருமுறை இட்டுத் திறந்தனர். 39 ஆம் எண்ணுக்குரிய குறியை இருமுறை இட்டு மூடினர். அவ்விரண்டும் எதிரெதிரே சாய்ந்து நின்ற எழுத்துருக்களில் அது அழகாகவே தோன்றிற்று.

ஒருங்குறி வளைந்த குறிகளுக்குத் தனியிடம் நல்கியது. யூ.ரி.எஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகள். நம் ககரமும் மூன்றே. அவற்றைத் திரை விண்டோஸ்-1252 முறையில் வாசிப்பின், திறக்கும் குறி மூன்று அந்நிய உருக்களாய்ச் சிதறும். நடுவே யூரோ நாணயக் குறி! தமிழ்க் கட்டுரையாயின் முழுதுமே சிதையும். ஆங்கிலக் கட்டுரையிற் குறிகள் மாத்திரம் சிதைவதைக் கண்ட மாணாக்கர் சிலர் அவற்றை அடியோடு நீக்கிவிடுகின்றனர். அஃது எனக்கு உடன்பாடன்று. பிறர் வாக்கும் தம் வாக்கும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. (தமிழுக்கு 'என்று' உண்டே எனலாம்; அது வாக்கின் முடிவைக் காட்டுமன்றித் தொடக்கத்தைக் காட்டாது.) மாணவர்காள், திரையை யூ.ரி.எஃப்-8 முறைக்கு மாற்றுங்கள். இயலாதாயின் நிமிர்ந்த குறியையேனும் இடுங்கள்.