எங்கிட்ட யாரும் கேட்கலையே

திங்கள்

அக்காவின் மார்புக் கட்டிக்கு பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. "அம்மா கொஞ்சம் வெளியில இருக்கட்டும்" என்று அக்காவை அனுப்பிவிட்டு டாக்டர் அத்தானிடம் பேசினார். வெளியே வந்ததும் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாதாரணக் கட்டின்னே சொல்லிடுவோம். அவ தாங்க மாட்டா." பாசத்தில் சொல்கிறார். ஆனால் வாசல் பலகையில் புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அக்கா அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் டாக்டர்களைக் கேட்டபோது, 100-க்கு 90 பேர் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-இல் வேறொரு மருத்துவமனையில் அதையே கேட்டார்கள். 97 பேர் சொல்வோம் என்றார்கள். 18 வருஷத்தில் தலைகீழ் மாற்றம். நம் வீடுகளுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை.

புதன்

ராத்திரி அக்காவே கேட்டாள், "கேன்சர்தானே?" ஆமாம் என்றேன். அழுதாள். அழுது முடித்தபின் கோபம் வந்தது. "எனக்கு எது தாங்கும், தாங்காதுன்னு நீங்களே கூடிப் பேசி முடிவு பண்றீங்க. எங்கிட்ட யாரும் கேட்கலையே."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. சிலருக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். சிலருக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது மட்டும் போதும். ஒன்றுமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவரவரைக் கேட்டால்தானே தெரியும்?

முதல் கீமோ முடிந்த இரவு

சிவப்பு மருந்து ஏற்றினார்கள். நடுராத்திரி பாத்ரூமிலிருந்து அக்காவின் அலறல். சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. ரத்தம் என்றே நினைத்து அத்தான் ஆட்டோ பிடிக்க ஓடினார். போனில் கிடைத்த நர்ஸ், "மருந்தோட கலர்தாம்மா, ஒண்ணு ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்" என்றார். மருந்து ஏற்றும்போதே சொல்லியிருந்தால் இந்த ராத்திரி இப்படிப் போயிருக்காது.

இன்னொன்றும் அந்தப் போனில்தான் தெரிந்தது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது; உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சின்னத் தொற்றும் உயிருக்கு ஆபத்து. காலண்டரில் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தில் வாட்ஸ்அப் பொய் சொல்கிறது. முள் சீத்தாப்பழம் கீமோவைவிட நல்லது என்று நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். உறவில் ஒருவர் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்தார். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது என்று அவரிடம் நேராகவே சொன்னேன். அக்கா அந்த டம்ளரைப் பார்த்துவிட்டாள் என்பதுதான் ஆறவில்லை.

கீமோ பாதி முடிந்தபின், ஒரு சனி

அக்கா ஊரறிந்த தையல்காரி. வாடிக்கைக்காரர்களின் கழுத்து ஆழம், கை சுற்றளவு எல்லாம் மனப்பாடம், நோட்டே வைத்துக்கொண்டதில்லை. இன்று லைனிங் துணியை மடித்துப் போட்டு, சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கத்தரியோடு அப்படியே நின்றாள். போட்டது முன்பக்கமா, முதுகுப்பக்கமா? தெரியவில்லை. "பாபின்" என்ற சொல் வாயில் வராமல், "அந்த நூல் சுத்துறது..." என்று கையால் காட்டினாள். "தலைக்கும் பரவிடுச்சாடி?" என்று அவள் கேட்டபோது எனக்கும் அடிவயிறு கலங்கியது.

டாக்டரிடம் கேட்டோம். பரிசோதித்துவிட்டு, பரவல் இல்லை என்றார். இதற்கு கீமோ பிரெய்ன் என்று பேர். மறதி, சொல் சிக்காமை, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாமை. மருந்து மட்டும் காரணமில்லை; சோர்வு, தூக்கமின்மை, ரத்தசோகை, கவலை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. பலருக்கு சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மெல்ல மெல்லச் சரியாகிவிடுகிறது. அக்கா இப்போது அளவு நோட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு ப்ளவுஸ் முடிந்தபிறகே அடுத்த துணி.

வியாழன்

கவுன்சலரைப் பார்க்கலாம் என்றதற்கு, "எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். இது அதற்காக இல்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977-இல் ஜிம்மி ஹாலந்து என்ற மனநல மருத்துவர் புற்றுநோயாளிகளுக்கென்றே மனநலச் சேவை தொடங்கினார். அவர் வழிவந்த ஒரு எளிய முறை: தெர்மாமீட்டர் படம் ஒன்றைக் காட்டி, மனவேதனைக்கு 0 முதல் 10-க்குள் எண் கேட்பார்கள். 4-உம் அதற்கு மேலும் என்றால் விசாரிக்க வேண்டும்.

கடைசியில் வந்தாள். கவுன்சலர் அந்த எண்ணைக் கேட்டார். அக்கா 8 என்றாள். சாவு பயமா என்றால் இல்லை. "என் மகளுக்கும் வருமா?" என்றாள். இத்தனை மாதமாக இதைத்தான் சுமந்திருக்கிறாள்.

டாக்டர் இம்முறை அக்காவைப் பார்த்தே பதில் சொன்னார். மார்பகப் புற்றுநோயில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் பெற்றோர் வழி வரும் மரபணுக் கோளாறால். ஆனால் அக்காவுக்கு வயது 42; இளவயதில் வந்ததால் மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது. என்ன செலவு, முடிவு எப்போது வரும், கோளாறு இருந்தால் மகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், "பரீட்சை முடியட்டும், அப்புறம் அவகிட்ட சொல்லிக்கலாம்" என்றாள். அவளும் உன்னை மாதிரி தெரிந்தும் தெரியாமலும் கிடந்து தவிப்பாளே அக்கா என்றேன். வீடு வரும்வரை பேசவில்லை. பிறகு, "நாளைக்குச் சொல்றேன். முதல்ல அவளுக்கு என்ன தெரியும்னு கேக்குறேன்" என்றாள்.