அன்புக்கும் அளவுண்டு

நோயின்றி வாழ்ந்தோர் சிலர் இருக்கலாம். வலியின்றி வாழ்ந்தோர் எவரும் இலர். தலைவலி, பல்வலி, மூட்டுவலி என ஏதேனும் ஒன்று வந்தவுடன் நம் கால்கள் மருத்துவரை நாடுவதில்லை; தெருமுனை மருந்துக்கடையையே நாடுகின்றன. அவ்வாறு நடந்த கால்களுள் எம் கால்களும் அடங்கும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2018ஆம் ஆண்டு ரமலான் கடுங்கோடையில் வந்தது. எம் உம்மாவுக்கு நெடுநாளாக மூட்டுவலி. தராவீஹ் தொழுகையில் நிற்க இயலவில்லையே என்று வருந்தினார்கள். அவ்வருத்தம் பொறாத யாம் மருந்துக்கடைக்குச் சென்று, மூட்டுவலி என்று மட்டும் சொல்லி, டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை வாங்கி வந்தோம். கடைக்காரர் மருத்துவரின் சீட்டைக் கேட்கவில்லை. யாமும் மருத்துவரைக் கேட்கவில்லை. உம்மா இதய நலத்துக்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உண்டுவருவது எமக்குத் தெரியும். மருத்துவரைக் கேளாமல் இரண்டையும் சேர்த்து உண்ணலாகாது என்பதுதான் தெரியாது.

வலி குறைந்தது. உம்மா நின்று தொழுதார்கள். எமக்காக துஆவும் செய்தார்கள். பத்தாம் நாள் மலம் தார்போலக் கறுத்தது. மறுநாள் சஹர் வேளையில் மயங்கி விழுந்தார்கள். இரைப்பையில் புண் ஏற்பட்டுக் குருதி கசிந்திருந்தது. “இந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தார்?” என்று மருத்துவர் வினவியபோது, வகுப்பறையில் பேசிப் பழகிய எம் நா எழவில்லை. இறையருளால் உம்மா நலம்பெற்றார்கள். “நல்லதுக்குத்தானே வாங்கித் தந்தே வாப்பா” என்று அவர்கள் சொன்ன ஆறுதல்தான் இன்றும் எம்மை உறுத்துகிறது.

அதன் பின்னரே கற்றோம். உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் வலியை மிகுவிக்கிறது. அதுவே இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குக் குருதி செல்லவும் துணைபுரிகிறது. ஆஸ்பிரின், இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை அப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. வலி தணிகிறது, உடன் காவலும் தளர்கிறது. ஆதலின் முதியோர், கருவுற்றோர், வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உடையோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. டெங்கு என ஐயுறும் காய்ச்சலில் இவை குருதிக்கசிவை மிகுவிக்கும். சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் தருவது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கு இடமளிக்கும்.

இரைப்பைக்குத் தீங்கு குறைந்தது பாராசிட்டமால். அதற்கும் எல்லை உண்டு. உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டினை, மிஞ்சலாகாது. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே நான்கு மணி நேரமேனும் வேண்டும். மெலிந்தோர்க்கும் கல்லீரல் நோயுற்றோர்க்கும் எல்லை இன்னும் குறைவு. சளிக்கென விற்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், அட்டையைப் படியாதவர் அறியாமலே இருமடங்கு உண்டுவிடுவர். மிகுந்தால் கல்லீரல் கெடும். அக்கேடு முதல் நாளில் வெளித்தெரியாது என்பதே பேராபத்து.

திருவள்ளுவர் ‘மருந்து’ எனப் பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தில் மிகுதியும் பேசுவது உணவின் அளவையே. ஆண்டுதோறும் அதனைப் பாடம் சொன்ன யாம், மாத்திரைக்கும் அளவுண்டு என்பதை ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் கற்றோம்.

மாணவச் செல்வங்களே! பெற்றோர்க்கு மாத்திரை வாங்கப் போகும்போது, அவர்கள் முன்னரே உண்டுவரும் மருந்துகளின் பெயர்களையும் கொண்டுசெல்லுங்கள். அட்டையைப் படியுங்கள். மூன்று நாளில் தணியாத வலிக்கு மருத்துவரை நாடுங்கள். நோய்க்கு மருந்தைப் படைத்த இறைவன், அளவறியும் அறிவையும் நமக்கு அருள்வானாக!