கடலை மிட்டாய் ஊரில், கடலை ஆகாத பையன்!

கோவில்பட்டி என்றதும் நாக்கில் ஊறுவது கடலை மிட்டாய்தான். தீப்பெட்டியும் ஹாக்கியும் அப்புறம்தான். கரிசல் மண் நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் எனப் பக்குவம் சொல்லி, 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது இந்த மிட்டாய். கடலையை வறுத்து, தோல் நீக்கி, கொதிக்கும் வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, பரப்பித் துண்டு போடுகிறார்கள். சில கடைகளில் மேலே வண்ணத் தேங்காய்த்துருவலும் உண்டு. அந்த வாசனையைத் தாண்டி வெறுங்கையோடு போவது கஷ்டம்.

சென்னையிலிருந்து வரும் ஒரு குடும்பம் மட்டும் ஒவ்வொரு மே மாதமும் அப்படித்தான் போகிறது. ஆறு வயதுப் பையனின் ஆச்சி வீடு இங்கேதான். அவனுக்கு நிலக்கடலை ஆகாது.

'ஆகாது' என்றால் லேசான அரிப்பு என்ற கணக்கில் இல்லை. நான்கு வயதில் இங்கே வந்தபோது, எதிர்வீட்டுப் பாட்டி ஆசையாகக் கொடுத்த மிட்டாயில் பாதியைக் கடித்தான். சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது, வாந்தி எடுத்தான், மூச்சு இழுத்தது. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

கடலையில் இருக்கும் புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துக்கொள்வதால் வருவது இது. தீவிரமான நிலைக்கு 'அனஃபைலாக்சிஸ்' என்று பெயர். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அரிப்பு மாத்திரை அதற்கு மாற்று ஆகாது. ஊசி போட்டு நன்றாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

வெளிநாடுகளில் இந்த மருந்து பேனா வடிவில் கிடைக்கிறது. நம் ஊரில் அது அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்து, போடவும் பழக்கிய மருந்துக்குப்பியும் சிரிஞ்சும்தான் அந்த அம்மாவின் கைப்பையில் இருக்கின்றன. கோவில்பட்டி வெயிலில் அந்தப் பையைக் காரில் வைத்துவிட்டு இறங்க முடியாது. பர்ஸை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்.

ரயில் பயணமே ஒரு பரீட்சைதான். வறுகடலை விற்பவர் வந்து போனாலே சிலர் பயப்படுவார்கள். உண்மையில் வாசனையைவிடக் கைதான் ஆபத்து. யாரோ கடலை தின்ற கையால் தொட்ட இடத்தைத் தொட்டு, அந்தக் கையைப் பையன் வாயில் வைத்துவிடக் கூடாது. சானிடைசர் கடலைப் புரதத்தைப் போக்காது. சோப்பும் தண்ணீரும்தான் போக்கும்.

ஊரில் இறங்கினால் இன்னொரு சிக்கல், 'கடலை' என்ற சொல்! பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு எல்லாமே கடலைதான். பையனுக்கு அவை ஒன்றும் செய்வதில்லை. நிலக்கடலை மட்டும்தான் ஆகாது. "பஜ்ஜியில் கடலை இருக்கா?" என்று கேட்டால், "கடலை மாவுதானே பஜ்ஜியே!" என்று சிரிப்பார்கள். கேட்க வேண்டியது எண்ணெயைப் பற்றி. நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். ஆச்சியின் பெருமையே அந்தச் செக்கெண்ணெய்தான். மே மாதம் மட்டும் அது பரண் ஏறிவிடும். சமையல் நல்லெண்ணெய்க்கு மாறும், பையனுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி.

பாக்கெட் தின்பண்டம் என்றால் பின்பக்கம் பார்த்துக்கொள்ளலாம். நிலக்கடலை உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருட்களை லேபிளில் தனியாகச் சொல்ல வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிமுறை. காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் சேவுக்கு எந்த லேபிள்?

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது இதையெல்லாம்விடக் கடினம். "நாங்கல்லாம் கடலை தின்னு வளரலியா? ஒரு துண்டு தின்னா பழகிரும்" என்பார்கள். அதில் ஒரு நூல் உண்மை இருப்பதுதான் சங்கடம். லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளுக்கு, முதல் வயதுக்குள்ளேயே கடலை கலந்த உணவைக் கொடுத்துவந்தால் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று அது காட்டியது. ஆனால், அது ஒவ்வாமை வராமல் தடுக்க. ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்கு வீட்டில் 'பழக்கிப்' பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சுற்றிப்பார்க்கவும் போகிறார்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பையனுக்குப் பிடித்தது சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள கழுகுமலைதான். பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே விட்ட வெட்டுவான் கோயில், வரிசையாக உட்கார்ந்திருக்கும் சமணச் சிற்பங்கள் என்று அங்கே அவன் பாட்டுக்கு ஓடலாம். பாறை மேல் யாரும் தின்ன எதுவும் நீட்டுவதில்லை. கீழே முருகன் கோயிலில் அப்படியில்லை. யாரோ ஒருவர் வேண்டுதலுக்காகத் தொன்னையில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே வறுத்த கடலை மின்னியது. சாமி பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பது? தாத்தா முந்திக்கொண்டு வாங்கி, தள்ளிப்போய் நின்று சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் பேரனுக்குத் திருநீறு பூசினார்.

எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. போன ஆண்டு முழு விடுமுறையிலும் பையனைத் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மா இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

இந்த மே மாதம் ஒருநாள் மத்தியானம் அவராகவே வந்தார், மடியில் நாலு நுங்கோடு. நேராகக் கொல்லைக் குழாய்க்குப் போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். ஈரக் கையைப் பையனின் அம்மாவிடம் விரித்துக் காட்டினார். "இதுல வேர்க்கடலை இருக்கா பாட்டி?" என்று கேட்டான் பையன், யாரிடமும் கேட்பதைப்போல.

"இல்லய்யா, வெறும் நுங்கு" என்றபடி தோல் உரிக்க ஆரம்பித்தார் பாட்டி.