கழனியில எண்ணெய்

போன மாசம் அக்கா மகன் வந்து நின்னான். ஒரகடத்துல ஒரு கம்பெனியில ஒப்பந்த வேலை பார்த்துட்டிருந்தவன்; ஒப்பந்தம் முடிஞ்சு வீட்ல இருக்கான். "மாமா, ஏரிக்குக் கீழ இருக்கற ஒரு ஏக்கர் கழனிய எனக்குக் குடுங்க. பாசி வளர்க்கப் போறேன். அதுலேர்ந்து டீசல் எடுக்கலாம்." முதலுக்கு அக்கா நகையை அடகு வைக்கறதுன்னு பேச்சு. அதைக் கேட்டதும்தான் எனக்குத் திக்குன்னுச்சு.

எங்க சேரப்பணஞ்சேரி ஏரியில கோடையில மிதக்குமே, அந்தப் பாசி இல்ல. இது ஒண்ணொண்ணாக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. காய்ஞ்ச எடையில கால் பங்கு, சில வகையில பாதிக்கு மேலகூட எண்ணெய் இருக்கும். பையன் பொய் சொல்லல.

ஆனா இதுல ஒரு வேடிக்கை. யூரியா போட்டா பாசி தளதளன்னு பெருகும், எண்ணெய் சேராது. தழைச்சத்தை நிறுத்திப் பட்டினி போட்டா எண்ணெய் சேரும், வளர்ச்சி நின்னுடும். யூரியா அதிகமானா நெல்லுல தாள் கொழுத்து மணி பிடிக்காதே, அந்த மாதிரிதான். ரெண்டையும் ஒரே நேரத்துல வாங்க முடியாது.

அமெரிக்க எரிசக்தித் துறையே 1978லேர்ந்து 1996 வரைக்கும் இதை ஆராய்ச்சி பண்ணிட்டு, பெட்ரோல் விலையோட போட்டி போட முடியாதுன்னு நிறுத்திடுச்சு. எக்ஸான்மொபில் 2009ல 60 கோடி டாலர் வரைக்கும் செலவு பண்றேன்னு இறங்கி, 2023ல கையை உதறிட்டதா செய்தி வந்துச்சு. இதைச் சொன்னா பையன், "அவங்களுக்கு நம்ம வெயில் இல்ல மாமா"ங்கறான்.

சரி வான்னு திண்ணையில உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முழங்கால் அளவுகூட ஆழம் இல்லாத குளம், தண்ணி நிக்காம சுத்த துடுப்புச் சக்கரம். நல்லா நடந்தா ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 15 கிராம் கிடைக்கும். ஒரு ஏக்கருக்கு 60 கிலோ. அதுல அஞ்சுல ஒரு பங்கு எண்ணெய்னா 12 கிலோ. டீசல் விலைக்கே வித்தாலும் ஆயிரத்து இருநூறு ரூபா தேறும். பையன் முகம் மலர்ந்துச்சு.

அப்புறம் செலவு. ஒரு லிட்டர் தண்ணியில அரை கிராம் பாசிதான் இருக்கும். 60 கிலோ எடுக்கணும்னா தினமும் 1,20,000 லிட்டரை வடிகட்டணும். கோடையில நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும்னு வெச்சா, ஒரு ஏக்கர்ல 24,000 லிட்டர் போச்சு. வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுல ஓடுதே 12,000 லிட்டர் டேங்கர், அதுல ரெண்டு லோடு. தினமும்! நவரைக்கே கிணத்துத் தண்ணி பத்தாம நான் தவிக்கறேன். இலவச கரண்டும் விவசாய பம்புசெட்டுக்குத்தான், துடுப்புச் சக்கரத்துக்கு இல்ல.

எனக்கு இதுல சூடு பட்ட அனுபவம் உண்டு. 2003ல திட்டக்குழு அறிக்கை வந்த பிறகு ஊரெல்லாம் காட்டாமணக்கு பேச்சு. நானும் மேட்டு நிலத்துல அரை ஏக்கர் நட்டேன். தண்ணியே வேணாம்னாங்க. தண்ணி இல்லாம செடி சாகல, காய்க்கவும் இல்ல. கன்னு குடுத்தவர் அப்புறம் போனே எடுக்கல. வேரைப் பிடுங்கத்தான் ஆள் கூலி அதிகமாச்சு.

ஆனா பாசியே உதவாதுன்னு சொல்ல மாட்டேன். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூர்ல பாரி கம்பெனி ஸ்பைருலினா வளர்க்குது. அது எண்ணெய்க்கு இல்ல, சத்து மாத்திரைக்கு. கிலோ விலையே வேற. குழந்தைங்க பால் பவுடர்ல சேர்க்கற டி.எச்.ஏ. எண்ணெய்கூட நுண்பாசிதான், ஆனா அதை வெயில்ல வளர்க்கறதில்ல. மூடின இரும்புத் தொட்டியில சர்க்கரை குடுத்து வளர்க்கறாங்க.

எனக்குப் பிடிச்சது ராணிப்பேட்டை கதை. கடற்பாசியிலேர்ந்து ஆல்ஜினேட் எடுக்கற ஆலை ஒண்ணுல அமிலக் கழிவுநீர் பெரிய தலைவலி. காஸ்டிக் சோடா கொட்டிச் சரி பண்ணா சேறு மலையா குவியும். 2006 வாக்குல சென்னை விவேகானந்தா கல்லூரிப் பேராசிரியர் சிவசுப்பிரமணியன் குழு அந்தத் தண்ணியிலேயே நுண்பாசிய வளர்த்து, அமிலத்தையும் சேறையும் குறைச்சாங்க. அங்க தண்ணிக்குக் காசு இல்ல, அதுக்குத் தீனியும் கழிவுலயே இருக்கு. ஒரு கிலோ பாசி வளர சுமார் 1.8 கிலோ கரியமில வாயு வேணும். அதுவும் ஆலைப் புகையில சும்மா போறதுதான்.

"அப்போ இதைச் செய்ய வேண்டிய இடம் மதிலுக்கு அந்தப் பக்கம்டா, என் கழனி இல்ல"ன்னேன். பையனுக்குக் கோபம். ரெண்டு நாள் பேசல.

மூணாம் நாள் ஒரு 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியோட வந்தான். "இதுல பண்ணலாமா?" மோட்டார் கொட்டகை பக்கத்துல வெச்சுக்கோன்னேன். எட்டு நாள்ல தண்ணி கிளிப்பச்சை. ஊரே வந்து பார்த்துச்சு. பன்னெண்டாம் நாள் காலையில பார்த்தா தண்ணி தெளிஞ்சு கிடக்கு. கண்ணாடி டம்ளர்ல மொண்டு வெளிச்சத்துல பிடிச்சா, புள்ளி புள்ளியா பூச்சிங்க துள்ளுது. பாசிய மேய்ஞ்சு முடிச்சிருக்கு.

நகை இன்னும் அக்கா பெட்டியிலதான் இருக்கு. பையன் தொட்டியக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கான். பக்கத்துல இருக்கற ஒரு கம்பெனியில கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கறாங்களாம், விண்ணப்பம் போட்டிருக்கான். நான் இந்தப் பட்டத்துக்கும் நெல்லுதான் விடறேன்.