திறக்காத டிக்கி

மாதத்துக்கொரு முறை உம்மும்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப் போவோம். சீனி வருத்தத்தால் சென்ற வருடம் அவரது வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அதை மடித்துக் காரின் டிக்கியில் வைப்பது நாநாவின் வேலை. அவர் கட்டாருக்குப் போன பிறகு அது என் வேலையாயிற்று.

அன்று சுபஹுத் தொழுகை முடிந்ததுமே அக்குறணையிலிருந்து புறப்பட்டோம். பிந்தினால் நம்பர் பின்னுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு, தன் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த டிக்கி லீவரை வாப்பா இழுத்தார். வழமையாகக் கேட்கும் "டக்" சத்தம் கேட்கவில்லை. இறங்கிப் போய்ச் சாவியைப் போட்டார். பாவிக்காமலே கிடந்து துருவேறிய துவாரத்தில் அது திரும்பவில்லை. மூடியைப் பிடித்து இழுத்தார், தட்டினார். பின்னால் வாகனங்கள் ஹோன் அடித்தன.

முன் சீட்டிலிருந்த உம்மும்மா மெதுவாகச் சொன்னார்: "என்னாலதானே எல்லாருக்கும் கரைச்சல். வீட்டுக்கே போவோம் மகன்."

எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நான் லீவரை இழுத்துப் பார்த்தேன். தொளதொளவென்று வந்தது. இறுக்கமாக இருந்தால் பூட்டு சிக்கியிருக்கலாம். இப்படித் தளர்ந்து வந்தால், லீவரிலிருந்து பூட்டுக்குப் போகும் கேபிளில் இழுவை இல்லை என்றுதான் அர்த்தம். பௌதிகவியல் வகுப்பில் எத்தனை கயிறுகளுக்கு இழுவை கணித்திருப்போம்! கேபிள் கழன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்திருக்க வேண்டும். இனி உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

பின் சீட்டின் சாய்மானத்தை மடித்து டிக்கிக்குள் தலையை நுழைத்தேன்.

"நீ விடு மகள், ஆக்கள் பாக்கிற" என்றார் வாப்பா.

எனக்கும் வெட்கம்தான். அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மடித்திருந்த நாற்காலியின் மேலாக ஊர்ந்தேன். ஃபோன் வெளிச்சத்தில் காரணம் தெரிந்தது. மூடியைத் தாங்கும் வளைந்த இரும்புக் கை, மூடும்போது டிக்கிக்குள் இறங்கும். அதனோடு சேர்ந்துதான் கேபிளும் ஓடுகிறது. நாற்காலியின் கைபிடி அந்த வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டிய கேபிள், பூட்டிலிருந்து கழன்று தொங்கியது.

"வாப்பா, மூடிய மேல இழுக்க வாணாம், கீழ அமத்துங்க!"

மேலே இழுக்க இழுக்கக் கொக்கி இறுகும். அவர் அமத்தினார். கேபிள் கொழுவியிருந்த சின்னத் தகட்டை விரலால் தள்ளினேன். டக்! வெளிச்சம் உள்ளே வந்தது.

இரண்டு நிமிடம்தான் அந்த இருட்டில் இருந்தேன். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. 1998 கோடையில் அமெரிக்காவில் 11 பிள்ளைகள் கார் டிக்கிகளுக்குள் அகப்பட்டு மௌத்தானதைப் பிறகு வாசித்தேன். உள்ளிருந்தே திறக்கும் கைபிடி அந்நாட்டின் புதிய கார்களில் 2001 செப்டம்பரிலிருந்து கட்டாயமாம். எங்கள் காரில் அது இல்லை. அன்றிலிருந்து தம்பியை டிக்கிப் பக்கம் விளையாட விடுவதில்லை.

உம்மும்மாவை நாற்காலியில் இருத்தும்போது கேட்டார்: "என்ட கதிரையாலயா மகள் பழுதாகின?"

காலையில் அவசரத்தில் அதைக் குறுக்காகத் திணித்து, மூடியை அடித்துச் சாத்தியது நான். நாநா என்றால் கைபிடி உள்ளே படியும்படி பார்த்து வைத்திருப்பார்.

"கதிரையால இல்ல உம்மும்மா. நான் வெச்ச பிழை."

அவர் ஒன்றும் பேசவில்லை. என் விரலில் அப்பியிருந்த கிறீஸைத் தன் சாரித் தலைப்பால் துடைத்துவிட்டார். நம்பர் எடுக்க வாப்பா முன்னால் ஓடினார். நான் நாற்காலியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன்.