சுருக்குப் பைக்குள் ஒரு வளையம்

எங்கள் அப்பாயியின் சுருக்குப் பையை அவர் மறைந்த பின்னரே நாங்கள் முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தோம். காய்ந்த வெற்றிலை இரண்டு, கொட்டைப் பாக்குச் சில, மூடி சரியாகப் பொருந்தாத பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்று, நான்கைந்து சில்லறைக் காசுகள். இவற்றினிடையே வெள்ளை பூத்த சிறிய உலோக வளையம் ஒன்று கிடந்தது. பிறந்த குழந்தையின் சுண்டு விரலுக்கும் போதாத அளவு. கண்டவுடனே உடன்பிறந்தோராகிய எங்கள் மூவருக்கும் அது இன்னதென்று தெரிந்துவிட்டது. 2003-ஆம் ஆண்டு அது. பத்தொன்பது ஆண்டுகளாக எவரும் வாய் திறந்து பேசாத ஒன்றை அப்பாயி இடுப்பிலேயே சுமந்திருந்தார்.

தலைஞாயிறு வட்டாரத்தில், அரிச்சந்திரா நதி கடலை நெருங்கித் தளர்ந்துபோகும் கடைமடைப் பகுதியே எங்கள் ஊர். காவிரியின் நீர் எல்லா வயல்களையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்களிடம் வரும். 1984-இல் அது தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-இல்தான். அவ்வாண்டுத் தை மாதம் சம்பா அறுவடை முடிந்த நாள்களில், சதுப்பு ஓரங்களில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் ஒருவர், உள்ளான்களைக் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கோத்துத் தெருவில் விற்றுக்கொண்டு வந்தார். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்திருந்தது. ஆனால் அச்சட்டம் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்த அப்பாயி ஒரு கொத்து வாங்கினார்.

இறகு பறிக்கும்போதுதான் அவர் கண்டார். "அடே, இந்தக் குருவி கால்ல மெட்டி போட்டிருக்குடா!" என்றார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். நீண்டு முனையில் கீழ்நோக்கி வளைந்த அலகு, சாம்பல் முதுகு, வெண்மையான வயிறு, கறுத்த காலில் ஓர் அலுமினிய வளையம். எங்களுள் மூத்தவர் எட்டாம் வகுப்பு. அதில் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். 'தெரிவிக்கவும்' என்று ஒரு சொல். 'பம்பாய்' என்று ஒரு சொல். பின்பு ஓர் எழுத்தும் எண்களும். கார்டு வாங்கி எழுதிப் போடலாமா என்று தந்தையாரைக் கேட்டோம். அவர் சற்று நேரம் வளையத்தையே பார்த்திருந்தார். "எழுதிப் போட்டா, குருவியக் கொன்னது யாருன்னு கேட்டு ஆளு வரும். பேசாம இருங்க" என்றார். அப்பாயி வளையத்தை வாங்கிப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தார். அன்று குழம்பு ருசியாகவே இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த வளையத்தின் வரலாற்றை நாங்கள் அறியப் பல ஆண்டுகள் ஆயின. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து வீழ்ந்தன. மனிதரையும் அக்காய்ச்சல் பற்றியது. அதன் நச்சுயிரி சைபீரியாவில் கண்ட ஒன்றோடு நெருங்கிய உறவுடையதாக இருந்தது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள், தம் உடலில் ஒட்டிய உண்ணிகளோடு நோயையும் கொண்டு வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்டு, மீண்டும் பறக்கவிடும் பெரும்பணியைத் தொடங்கியது. ஐயம் மெய்ப்படவில்லை; பறவைகள் குற்றமற்றவை. ஆனால் வளையமிடும் பணி தொடர்ந்தது. 1967-இல் சரணாலயமான கோடியக்கரை அதன் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று. பரம்பரையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்த பீகாரின் மீர்ஷிகார் இனத்தாரைக் கழகம் இப்பணிக்கு அமர்த்தியது. சிறகொன்றும் முறியாமல் பறவையைப் பிடிக்க அவர்களைவிட அறிந்தவர் யார்? கொல்லக் கற்ற கை காக்கவும் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாங்கள் அறியோம்.

எங்கள் வீட்டுக் குழம்பில் வெந்தது வளைமூக்கு உள்ளான். ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள அப்பறவைக்குக் கோடியக்கரை குளிர்காலத் தங்கிடம் மட்டுமே. அதன் பிறப்பிடம் சைபீரியாவின் வட விளிம்பு. குறிப்பாக, ஆர்க்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் தைமிர் தீபகற்பம். நமக்கும் அதற்கும் இடையே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆண்டின் பெரும்பகுதி அந்நிலம் உறைந்து கிடக்கும். ஜூன் மாதத்தில் பனி உருகி, எங்கும் குளிர்நீர்க் குட்டைகள் தேங்கும். அவற்றில் கொசுவும் சிறு ஈக்களும் கோடிக்கணக்கில் பெருகும். தாய்ப்பறவை தனித்தே அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்த அன்றே தம் இரையைத் தாமே தேடும். ஆண் பறவைகள் முதலில் கிளம்பிவிடும், பின்னர்த் தாய்ப்பறவைகள், குஞ்சுகளோ இறுதியில், தாய் தந்தையர் துணையின்றி, ஒருமுறையும் பார்த்திராத தெற்கை நோக்கிப் பறக்கும். அந்தக் குளிர்நீரில் ஈக்களின் புழுக்களைத் தின்று வளர்ந்தது, நம் சதுப்பின் சேற்றில் இறங்கி, அவ்வினத்துப் புழுக்களையே மீண்டும் கொத்துகிறது. பறவைக்கு அது வேறு ஊர் அன்று. ஒரே வீட்டின் மற்றோர் அறை.

அந்த வீட்டின் வடக்கறையில் நடப்பது தெற்கறையில் எப்படித் தெரிகிறது? லெம்மிங் என்னும் எலியினம் ஒன்று வடதுருவ நிலத்தில் உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பெருகும்; பின் அருகும். பெருகிய ஆண்டில் துருவ நரிகள் எலிகளைத் தின்று வயிறு நிறைந்து, உள்ளான் கூடுகளை விட்டுவைக்கும். எலி அருகிய ஆண்டில் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்னும். 1987-இல் சம்மர்ஸ், அண்டர்ஹில் என்னும் இரு ஆய்வாளர்கள் தைமிரில் இனம்பெருக்கும் பறவைகள் குறித்து இதனை விளக்கி எழுதினார்கள். தென்னாப்பிரிக்கக் கடற்கழியில் வந்திறங்கும் வளைமூக்கு உள்ளான்களுள் இளம்பறவைகள் எத்தனை, ஐரோப்பியக் கரைக்கு வரும் ஒருவகை வாத்துகளுள் இளையவை எத்தனை என்று ஆண்டுதோறும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டபோது, இரண்டும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. இறகின் ஓரத்து நிறத்தைக் கொண்டு இளம்பறவையை இனங்காணத் தெரிந்தவர், தெற்கே ஒரு சேற்றுக் கரையில் நின்றபடியே, வடக்கே அவ்வாண்டு எலி பெருகியதா என்று ஊகிக்கலாம்! எங்கள் ஊர்ச் சதுப்புக்கும் அந்த எலிக்கும் உள்ள உறவை அறிந்தபோது நாங்கள் பேச்சற்றுப் போனோம்.

இப்போது அந்த எலிகளின் சுழற்சியே பல இடங்களில் குலைந்துவருகிறது. நார்வேயிலும் கிரீன்லாந்திலும் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்துள்ளார்கள். குளிர்காலத்து இடையில் பனி இளகி மீண்டும் உறைந்தால், நிலத்தின் மேல் பனிக்கட்டி ஓடாகப் படிந்துவிடுகிறது. அதற்கடியில் எலிக்குப் பாசி எட்டுவதில்லை.

நிலத்தைப் போலவே கடலும் மாறுகிறது. அதை அளந்தறியும் முயற்சியில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், வட அட்சம் 79 பாகையை ஒட்டி, 2008-இல் இந்தியா 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அதனருகில் உள்ள காங்ஸ்பியோர்டன் என்னும் கடற்குடாவில், 2014 ஜூலையில், 'இண்டார்க்' என்ற ஆய்வுக் கருவித்தொடர் இறக்கப்பட்டது. அதனை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துடையது. சுமார் 190 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும் அக்கருவிகள் நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் ஓட்டத்தையும் குறித்துக்கொண்டே இருக்கின்றன. முன்னெல்லாம் குளிர்காலத்தில் அக்குடா உறையும். வளையச் சீல்கள் பனிக்கட்டியின் மீது குட்டி ஈனும். 2006 முதல் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் உட்புகுவதால், பனிக்கட்டி மிகவும் குறைந்துவிட்டது. தெற்கத்து மீன்கள் அங்கே வரத் தொடங்கிவிட்டன.

கருவித்தொடரைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி எங்களை நிறுத்தியது. மேலே பனிக்கட்டி மிதப்பதால் அது நீர்ப்பரப்புக்கு வராமல் ஆழத்திலேயே நிற்கிறது. ஆய்வாளர்கள் கோடையில் படகில் சென்று மேலே எடுத்தால்தான் அது எழுதி வைத்த கணக்கைப் படிக்க முடியும். எடுக்காவிட்டால் எழுதியதெல்லாம் இருளில் கிடக்கும்.

எங்கள் அப்பாயியின் பையில் கிடந்ததும் அதுவே அல்லவா? வளையம் தானாகப் பேசாது. பறவையை மீண்டும் கண்டவர், அது வலைக்காரரானாலும் சமைப்பவரானாலும், எண்ணை எழுதி அனுப்பினால்தான் அதன் பயணம் ஒரு வரியாகப் பதிவேட்டில் ஏறும். இந்தியாவில் வளையமிட்ட பறவைகள் பல அன்றைய சோவியத் நாட்டில் கிடைத்ததை நாம் அறிவதும், யாரோ ஒரு வேட்டைக்காரர் அஞ்சாமல் எழுதியதால்தான். அதே துணிவை எங்கள் வீடு காட்டவில்லை.

2003-இல், காலம் கடந்தேனும் எழுதிவிட முடிவு செய்தோம். வளையத்தைக் கழுவித் துடைத்து விளக்கொளியில் பிடித்தோம். 'பம்பாய்' பாதி தெரிந்தது. எண் தெரியவில்லை. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்ததுதான். கரண்டகத்திலிருந்து கசிந்த சுண்ணாம்பு, பத்தொன்பது ஆண்டுகளில் ஒவ்வோர் இலக்கமாகத் தின்று முடித்திருந்தது. அது முந்திய வாரம் கோடியக்கரையில் இட்ட வளையமாக இருந்திருக்கலாம். நான்கைந்து முறை தைமிர் சென்று மீண்ட பறவையினுடையதாகவும் இருந்திருக்கலாம். இனி எவரும் அறிய முடியாது. ஓர் உயிரைக் கொன்றதைவிட, அது எழுதிவந்த வரியை அழித்ததே எங்களை அதிகம் வருத்தியது.

அப்பாயியைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தூக்கி எறிந்திருந்தால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எறியாமல் வைத்திருந்தார். எவருடைய பொருளோ தம்மிடம் தங்கிவிட்டது என்ற உறுத்தல் அவருக்கு இருந்திருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் வழியைத்தான் அவருக்கு எவரும் காட்டவில்லை. காட்ட வந்த பிள்ளைகளையும் அச்சம் அடக்கிவிட்டது.

கோடியக்கரைச் சதுப்பு 2002-இல் ராம்சர் பட்டியலில் ஏறி உலகப் பெருமை பெற்றது. ஆயினும் கடைமடைக்கு வரும் ஆற்றுநீர் குறைகிறது. சதுப்பில் உப்பு ஏறுகிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் காட்டையே முறித்துப் போட்டது. வளைமூக்கு உள்ளானோ 2024-இல் உலக அளவில் அழிவாய்ப்பு மிகுந்த இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. வடக்கே எலியும் பனியும் குறைய, தெற்கே நீரும் சேறும் குறைய, நடுவில் அறுபது கிராம் உயிர் பறந்துகொண்டிருக்கிறது. வடக்கை நாம் திருத்த முடியாது என்று கைவிரிக்கலாம். தெற்கறை நம்முடையது.

எங்களால் இயன்றது சிறிது. வளையமிட்ட பறவை கிடைத்தால் எவரும் அஞ்ச வேண்டாம், எண்ணை மட்டும் எங்களிடம் சொல்லுங்கள் என்று ஊரில் சொல்லி வைத்தோம். 2011-இல் ஒரு மாசி மாதத்துக் காலையில், அடுத்த தெரு அக்காள் ஒருவர், மின்கம்பி அடியில் செத்துக் கிடந்ததாகச் சொல்லி, ஒரு கொசு உள்ளானை முறத்தில் வைத்துக் கொண்டு வந்தார். காலில் வளையம். எழுத்தும் எண்ணும் புத்தம் புதிதாகத் தெரிந்தன. கிடைத்த நாளையும் இடத்தையும் குறித்து, எண்ணை மூன்று முறை சரிபார்த்துக் கடிதம் எழுதினோம்.

உறையை ஒட்டும் நேரத்தில், திண்ணையில் படுத்திருந்த தந்தையார் எழுந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கிய வயது, பார்வை மங்கியிருந்தது. கடிதத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரிந்திராது.

"நம்பரச் சரியா எழுதினீங்களா?" என்று கேட்டார்.

எழுதினோம் என்றோம். "இன்னொரு தரம் படிங்க" என்றார். நாங்கள் ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.